பொறுமை டீச்சருக்கு மட்டும்தானா?



நம் சமுதாயத்தார் நடத்துகிற ஒரு நர்சரி பள்ளிக்கூடத்தின் இரண்டாம் வகுப்பை மனக்கண்ணால் பாருங்கள். நாற்பது பிள்ளைகள். அதில் ஒருவன் பத்து நிமிடம் ஓரிடத்தில் உட்காரமாட்டான். எழுந்து ஓடுவான், பக்கத்துப் பிள்ளையைக் கடிப்பான். இன்னொரு பெண் பிள்ளைக்குக் காது சரியாகக் கேட்காது. காது மிஷின் உண்டு, பேட்டரி தீர்ந்து இரண்டு மாதமாகிறது. மூன்றாவது பிள்ளை நன்றாகப் பேசுவான், கணக்கு போடுவான். ஆனால் எழுத்து மட்டும் தலைகீழாகத்தான் வரும். அவனுக்கு வீட்டிலும் தெருவிலும் 'மக்கு' என்று பெயர். இத்தனை பேருக்கும் ஒரே ஒரு டீச்சர். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது இருக்கும். பி.எட். முடித்த நம் வீட்டுப் பெண்.

காலை ஒன்பது மணிக்கு உள்ளே போனால் மூன்றரை மணி வரை அவர் உட்காருவதில்லை. ஓடுகிற பிள்ளையைப் பிடிக்கப் போனால் மற்ற முப்பத்தொன்பது பேரும் சந்தைக்கடை ஆகிவிடுகிறார்கள். முப்பத்தொன்பது பேரைக் கவனித்தால் அந்தப் பிள்ளை வாசலைத் தாண்டி ரோட்டுக்குப் போய்விடுகிறான். கடிபட்ட பிள்ளையின் உம்மா மறுநாள் காலையில் வந்து சத்தம் போடுகிறார். கடித்த பிள்ளையின் உம்மா மாலையில் வந்து அழுகிறார். இரண்டு பேருக்கும் பதில் சொல்ல வேண்டியவர் அதே டீச்சர்தான். இதற்கிடையே பாடம் முடிக்க வேண்டும், நோட்டு திருத்த வேண்டும், மார்க் பதிய வேண்டும். வீட்டுக்குப் போனால் அங்கே சமையல் காத்திருக்கிறது. ரமலான் மாதம் என்றால் ஸஹருக்கு எழுந்த உடம்போடு இத்தனையும்!

தாளாளரிடம் போய்ச் சொன்னால் கிடைக்கிற பதில் நமக்கெல்லாம் தெரிந்ததுதான். "கொஞ்சம் பொறுமையா இருங்க டீச்சர். அல்லாஹ் கூலி தருவான்."

அல்லாஹ் கூலி தருவான் என்பதில் நமக்குச் சந்தேகமே இல்லை. நீங்கள் என்ன தருகிறீர்கள் என்பதுதான் நம் கேள்வி!

இரண்டு வருடம் இப்படி ஓடும். மூன்றாவது ஜூன் மாதத்தில் அந்த டீச்சர் வரமாட்டார். புதிதாக ஒருவர் வருவார். நிர்வாகக் கமிட்டி கூட்டத்தில், "இந்தக் காலத்துப் பொண்ணுங்க ஓரிடத்துல நிக்க மாட்டேங்கிறாங்க" என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் தலையாட்டி, தேநீர் குடித்து, துஆ ஓதிக் கலைந்து விடுவோம். ஏன் போனார் என்று யாரும் கேட்பதில்லை. அந்தப் பிள்ளைகளோ, தங்களைக் கொஞ்சமாவது புரிந்து வைத்திருந்த ஒரே ஆளை இழந்துவிட்டு, முதலிலிருந்து தொடங்குவார்கள்.

இது சோம்பேறித்தனம் அல்ல

இந்த நிலைக்கு ஒரு பெயர் உண்டு. நியூயார்க் நகரில் ஏழைகளுக்கான இலவச மருத்துவமனையில் வேலை பார்த்த ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பர்கர் என்ற உளவியலாளர், ஆர்வத்தோடு சேவை செய்ய வந்த தொண்டர்களே சில மாதங்களில் கருகிப் போவதைக் கவனித்து 1974இல் எழுதினார். பிறகு கிறிஸ்டினா மாஸ்லாக் என்ற பெண் ஆய்வாளர் இதை அளப்பதற்கு ஒரு கேள்விப் பட்டியலையே 1981இல் தந்தார். தமிழில் பணிச்சோர்வு என்கிறார்கள். சோர்வு என்ற சொல் இதற்குப் போதாது. எண்ணெய் இல்லாமல் எரிகிற விளக்கில் திரியே கருகுகிறதே, அதுதான் இது.

மாஸ்லாக் மூன்று அடையாளங்களைச் சொல்கிறார். முதலாவது, உள்ளம் வற்றிப் போவது. இரவு தூங்கி எழுந்தாலும் தீராத களைப்பு. இரண்டாவது, யாருக்காக உழைக்கிறோமோ அவர்கள் மேலேயே பற்று விட்டுப் போவது. பிள்ளையின் பெயரைச் சொல்லாமல் 'அந்தக் கேஸ்' என்று சொல்ல ஆரம்பிப்பார்கள். மூன்றாவது, நம்மால் ஒன்றும் ஆகவில்லை, செய்ததெல்லாம் வீண் என்ற எண்ணம். உலக சுகாதார நிறுவனம் 2019இல் இதைத் தன் பட்டியலில் எழுதியபோது ஒன்றைத் தெளிவாகச் சொன்னது: இது நோய் அல்ல, வேலை செய்யும் இடத்து நெருக்கடியைச் சரியாகக் கையாளாததால் வருவது.

இந்த வரையறையை நம் தாளாளர்கள் ஒரு முறைக்கு இரண்டு முறை படிக்க வேண்டும். கோளாறு டீச்சரின் மனதில் இல்லை. வேலை ஏற்பாட்டில் இருக்கிறது. டீச்சரைக் கூப்பிட்டுப் பொறுமை பற்றி உபதேசம் செய்வதால் இது தீராது. ஒரு நாள் பயிலரங்கு நடத்தி, கண்ணை மூடி மூச்சு விடச் சொல்லி, சான்றிதழ் கொடுத்து அனுப்பினாலும் தீராது.

வியாபாரிகளுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. பெருநாளைக்கு முந்தின வாரம் ஜவுளிக் கடையில் ஒரே ஒரு சேல்ஸ்மேனை நிறுத்தி, கல்லா, கவுண்டர், குடோன் மூன்றையும் அவனே பார்க்கட்டும் என்று விடுவீர்களா? மாட்டீர்கள். கூட ஆள் போடுவீர்கள். சாயங்காலம் பிரியாணிப் பொட்டலம் வாங்கிக் கொடுத்து, ராத்திரி வீட்டுக்குப் போக ஆட்டோவுக்கும் கொடுப்பீர்கள். ஏனென்றால் அவன் கவுண்டரை விட்டுப் போனால் வியாபாரம் போகும் என்று உங்களுக்குத் தெரியும். டீச்சர் போனால் எது போகிறது என்பது உங்கள் கணக்கு நோட்டில் வருவதில்லை. அதனால்தான் தெரிவதில்லை.

நம் ஊரில் அப்படிப் பிள்ளைகள் இல்லையா?

"நம்ம ஸ்கூல்ல அந்த மாதிரி பிள்ளைங்க யாரும் இல்லையே" என்று சொல்பவர்கள் உண்டு. உலகக் குழந்தைகளில் பத்தில் ஒருவருக்கு ஏதோ ஒரு குறைபாடு இருப்பதாக, மொத்தம் ஏறத்தாழ 24 கோடிப் பேர் என்று, யூனிசெஃப் 2021இல் கணக்குச் சொன்னது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் மட்டும் 11 லட்சத்து 79 ஆயிரம் மாற்றுத்திறனாளிகள் பதிவானார்கள். அந்தக் கணக்கில், எழுத்து தலைகீழாக வரும் பிள்ளைக்குத் தனியாக ஒரு கட்டமே கிடையாது. உங்கள் பள்ளியில் யாரும் இல்லை என்றால் இரண்டில் ஒன்றுதான். சேர்க்க வந்தபோது "இடம் இல்லை" என்று திருப்பி அனுப்பியிருப்பீர்கள். அல்லது உள்ளே இருக்கிறார்கள், மக்கு என்றும் வாலு என்றும் பெயர் வைத்து மூலையில் உட்கார வைத்திருக்கிறீர்கள்.

1995ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் ஊனம் என்று ஏழு வகைதான் இருந்தது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை 21 ஆக்கியது. ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் இப்போது அதில் சேர்ந்திருக்கின்றன. 6 வயது முதல் 18 வயது வரை, 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள பிள்ளைக்கு அருகிலுள்ள பள்ளியிலோ, அவர்கள் விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெறும் உரிமை உண்டு. நல்ல சட்டம். பிள்ளைகளைப் பொதுப் பள்ளியின் கதவுக்குள் கொண்டு வந்த சட்டம். ஆனால் கதவுக்குள் வந்த பிள்ளையை யார் கையைப் பிடித்து அழைத்துப் போவது என்ற இடத்தில்தான் அரசும் நாமும் சேர்ந்து ஒரு தனி மனுஷியைத் தள்ளிவிட்டிருக்கிறோம்.

அரசாங்கம் செய்தது என்ன?

அரசுப் பள்ளிகளின் கதையைப் பார்ப்போம். அங்கே சிறப்புப் பயிற்றுநர்கள் என்று ஒரு பிரிவினர் இருக்கிறார்கள். இவர்கள் ஒரு பள்ளிக்கு ஒருவர் என்று இல்லை. வட்டார வள மையத்தில் இருந்துகொண்டு பல பள்ளிகளுக்குச் சுற்றுவார்கள். இன்று ஒரு ஊர், நாளை இன்னொரு ஊர். பள்ளிக்கு வர முடியாத பிள்ளைகளின் வீட்டுக்கும் போக வேண்டும். மருத்துவ முகாம் என்றால் பெற்றோரைத் திரட்ட வேண்டும், அடையாள அட்டைக்கு விண்ணப்பம் எழுத வேண்டும், செயலியில் விவரம் ஏற்ற வேண்டும். இவ்வளவும் தொகுப்பூதியத்தில்! பணி நிரந்தரம் கேட்டு இவர்கள் பல முறை தெருவில் உட்கார்ந்து விட்டார்கள்.

சிறப்புப் பயிற்றுநர் வராத நாட்களில் அந்தப் பிள்ளைகள் யார் பொறுப்பு? வகுப்பு ஆசிரியர் பொறுப்பு. ஐந்து வகுப்புக்கு இரண்டே ஆசிரியர்கள் இருக்கிற தொடக்கப் பள்ளிகள் நம் கிராமங்களில் எத்தனையோ. இரண்டு மூன்று வகுப்பை ஒரே அறையில் உட்கார வைத்து நடத்துகிற அந்த ஆசிரியரிடம் போய், "ஒருங்கிணைந்த கல்வி" என்று சுற்றறிக்கை நீட்டுவது எவ்வளவு எளிது!

உச்ச நீதிமன்றம் சும்மா இருக்கவில்லை. ரஜனீஷ் குமார் பாண்டே வழக்கில் 2021 அக்டோபர் 28 அன்று தந்த தீர்ப்பில், எத்தனை பிள்ளைக்கு ஒரு சிறப்பு ஆசிரியர் என்று வரையறுக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. அதுவரைக்கும் இடைக்கால அளவாக, மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகள் 8 பேருக்கு ஒருவர், அறிவுசார் குறைபாடும் ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் உள்ளவர்களில் 5 பேருக்கு ஒருவர், கண்ணும் காதும் இரண்டும் இயலாத பிள்ளைகளில் 2 பேருக்கு ஒருவர் என்று சொன்னது. பிறகு 2022இல் மத்திய அரசு, தொடக்கப் பள்ளியில் 10 பிள்ளைக்கு ஒருவர், அதற்கு மேல் வகுப்புகளில் 15க்கு ஒருவர் என்று அறிவித்தது. அறிவித்ததோடு சரி. மாநிலங்கள் பணியிடம் உருவாக்கவில்லை. 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் மீண்டும் கண்டிப்போடு, இந்த அளவுப்படி நிரந்தரப் பணியிடங்களை அறிவித்து நிரப்பச் சொன்னது. ஏற்கெனவே ஒப்பந்தத்தில் பல ஆண்டு உழைப்பவர்களின் தகுதியை ஒரு குழு பரிசீலித்து, தகுதியுள்ளவர்களை முறையான சம்பளத்துக்குக் கொண்டுவரவும் சொன்னது.

தீர்ப்பு பேப்பரில் இருக்கிறது. வகுப்பறையில் டீச்சர் தனியாக இருக்கிறார்.

இதில் மத்திய ஆட்சியாளர்கள் செய்த கைங்கரியத்தையும் சொல்லாமல் விட முடியாது. சிறப்புப் பயிற்றுநர்களின் சம்பளம் வருவது சமக்ர சிக்ஷா திட்டத்தில். 60 பங்கு மத்திய அரசு, 40 பங்கு மாநில அரசு. புதிய கல்விக் கொள்கையோடு பிணைந்த பி.எம்.ஸ்ரீ ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்துப் போடவில்லை என்பதற்காக 2024–25ஆம் ஆண்டுக்கான 2,152 கோடி ரூபாயை டெல்லி நிறுத்தி வைத்தது. கொள்கைச் சண்டை ஆட்சியாளர்களுக்கு இடையில். வயிற்றில் அடி, தொகுப்பூதியத்தில் வேலை பார்க்கிற பெண்ணுக்கும், அவர் வருகைக்காக வாசலில் காத்திருக்கிற நடக்க முடியாத பிள்ளைக்கும்! இந்தத் திட்டத்தில் ஒரு மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு ஆண்டுக்கு ஒதுக்கும் தொகை எவ்வளவு தெரியுமா? 3,500 ரூபாய். நாள் ஒன்றுக்குப் பத்து ரூபாய்க்கும் குறைவு. அதையும் நிறுத்தி வைக்க மனம் வருகிறது இவர்களுக்கு.

30ஆவது பிரிவு எதற்கு?

அரசைக் கேள்வி கேட்டுவிட்டோம். இனி நம்மைக் கேட்போம். இது கொஞ்சம் கசக்கும்.

அரசியல் சட்டத்தின் 30ஆவது பிரிவு சிறுபான்மையினராகிய நமக்குக் கல்வி நிறுவனங்களை அமைத்து நடத்தும் உரிமையைத் தந்திருக்கிறது. இந்த உரிமையில் யாராவது கை வைத்தால் நாம் தெருவுக்கு வருவோம், வர வேண்டும். 2014 மே 6 அன்று பிரமதி அறக்கட்டளை வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று தீர்ப்புச் சொன்னது. நாம் நிம்மதிப் பெருமூச்சு விட்டோம். 2025 செப்டம்பர் 1 அன்று இரண்டு நீதிபதிகள் அமர்வு அந்தத் தீர்ப்பைச் சந்தேகித்து, பெரிய அமர்வு விசாரிக்கலாமா என்பதைத் தலைமை நீதிபதி முடிவு செய்யட்டும் என்று அனுப்பி வைத்தது. கவலைப்படுகிறோம். கவலை நியாயமானதுதான்.

ஆனால், கிடைத்த விலக்கை வைத்து நாம் என்ன செய்தோம்? நம் பண்பாட்டையும் மார்க்க ஒழுக்கத்தையும் காப்பாற்றிக்கொள்ளத் தந்த கேடயம் அது. அதைப் பிடித்துக்கொண்டு, "எங்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது, இந்தப் பிள்ளையைச் சேர்க்க மாட்டோம், அந்த ஆசிரியரைப் போட மாட்டோம்" என்று ஒரு நிர்வாகி சொல்வாரானால், அவர் 30ஆவது பிரிவுக்கு எதிரி வேறெங்கும் தேட வேண்டியதில்லை. நாளை பெரிய அமர்வின் முன் நம் வழக்கறிஞர் எழுந்து நிற்கும்போது, "உங்கள் பள்ளிகளில் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களுக்கு ஆசிரியர்கள் எத்தனை பேர்?" என்று ஒரு நீதிபதி கேட்டால் என்ன பதில் வைத்திருக்கிறோம்?

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். விலக்குக் கிடைத்தது கல்வி உரிமைச் சட்டத்திலிருந்து. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வேறு. அதன் 16ஆவது பிரிவு, அரசு நிதியோ அரசு அங்கீகாரமோ பெற்ற கல்வி நிறுவனங்கள் என்று பொதுவாகவே பேசுகிறது. சிறுபான்மைப் பள்ளிக்கு என்று தனி விதிவிலக்கு அதில் எழுதப்படவில்லை. அந்தச் சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை, அடுத்தடுத்த முறை 50,000 முதல் 5 லட்சம் வரை அபராதம். அபராதத்துக்குப் பயந்துதான் செய்ய வேண்டும் என்பதில்லை. சிலருக்கு அந்த மொழிதான் புரிகிறது என்பதால் சொல்கிறோம்.

கண் தெரியாத அந்த ஸஹாபி

திருக்குர்ஆனின் 80ஆவது அத்தியாயம் 'அபஸ' இறங்கிய வரலாற்றை ஜும்ஆ பயானில் எத்தனை முறை கேட்டிருப்போம்! குறைஷித் தலைவர்களிடம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பேசிக்கொண்டிருந்த வேளையில், மார்க்கத்தைக் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டு வந்தவர் கண் தெரியாத அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள். பெரிய மனிதர்களை விட, கற்க வந்த அந்த மனிதருக்கே முதல் உரிமை என்று வஹீ வந்தது. பின்னாளில் அவர்கள் மதீனாவில் பாங்கு சொல்பவராக இருந்தார்கள். நபிகளார் வெளியூர் சென்ற சமயங்களில் மதீனாவின் பொறுப்பையும் ஏற்றார்கள்.

இந்த வரலாற்றைச் சொல்லி, 'ஊனமுற்றோரை மதிக்க வேண்டும்' என்று முடித்துவிடுவது வழக்கம். நாம் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு. அவர்கள் கேட்டு வந்தது காசோ துணியோ அல்ல. கற்றுத் தருபவரின் நேரத்தைக் கேட்டு வந்தார்கள். அந்த நேரத்தைத்தான் நம் பள்ளிகளில் நாம் கொடுக்க மறுக்கிறோம். நாற்பது பேருக்கு ஒருவரை நிறுத்திவிட்டு, அவர் ஒரு பிள்ளைக்குத் தனியாக அரை மணி நேரம் ஒதுக்கட்டும் என்றால் அந்த அரை மணி எங்கிருந்து வரும்?

உமையா கலீபா வலீத் இப்னு அப்துல் மலிக் (ஆட்சி 705–715) கண் தெரியாத ஒவ்வொருவருக்கும் ஒரு வழிகாட்டியையும், நடக்க முடியாத ஒவ்வொருவருக்கும் ஒரு பணியாளரையும் அமர்த்தினார் என்று வரலாற்றாசிரியர் தபரி எழுதி வைத்திருக்கிறார். சும்மா அனுதாபம் காட்டவில்லை. ஆள் போட்டார், செலவு பைத்துல்மாலில். ஆயிரத்து முந்நூறு வருடத்துக்கு முந்தைய ஏற்பாடு இது!

கணக்குப் பார்ப்போம்

"செலவுக்கு எங்கே போவது?" என்பார்கள். சரி, கணக்கே போடுவோம். 300 பிள்ளைகள் படிக்கிற பள்ளி. ஒரு சிறப்பு ஆசிரியரை முழு நேரமாக நியமித்து மாதம் இருபதாயிரம் ரூபாய் கொடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பிள்ளைக்கு மாதம் 67 ரூபாய் விழும். அதையும் பெற்றோர் தலையில் கட்ட வேண்டாம். வருடத்துக்கு 2 லட்சத்து 40 ஆயிரம். ஊரில் பத்து கடைக்காரர்கள் சேர்ந்தால் ஆளுக்கு மாதம் 2,000. ஆண்டு விழா மேடைக்கும், சீரியல் லைட்டுக்கும், தலைமை விருந்தினரின் சால்வைக்கும் ஆகிற செலவைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். பாதி அதிலேயே வந்துவிடும்.

ஜகாத் பணத்தை ஆசிரியர் சம்பளத்துக்குக் கொடுக்கலாமா, ஏழைப் பிள்ளையின் கட்டணமாக மட்டும்தான் கொடுக்கலாமா என்பதை உலமாக்கள் சொல்லட்டும். ஸதகாவுக்கு அந்தக் கேள்வியே கிடையாது. வக்ஃபுக்கு, வக்ஃப் செய்தவரின் நோக்கம் இடம் கொடுத்தால் போதும். 2025இல் வக்ஃப் திருத்தச் சட்டத்தை எதிர்த்து ஊர் ஊராகத் திரண்டோமே, அந்தச் சொத்துகளின் வருமானம் எந்தப் பிள்ளைக்குப் போய்ச் சேருகிறது என்று கேட்கிற உரிமையும் அதே தெருவில் நின்றவர்களுக்கு உண்டு.

நம் முன்னோர் கணக்குப் பார்த்தவர்கள்தாம், கஞ்சர்கள் அல்லர். திருச்சியில் 1951இல் ஜமால் முஹம்மது கல்லூரியை எழுப்பியது ஜமால் முஹம்மது சாகிபும் காஜாமியான் ராவுத்தரும். இருவரும் வியாபாரிகள். பாளையங்கோட்டையில் 1971இல் சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரி வந்தது. அதே பாளையங்கோட்டையில், பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே, காது கேளாத பிள்ளைகளுக்கும் கண் தெரியாத பிள்ளைகளுக்கும் கிறித்தவ மிஷனரிப் பெண்மணிகள் பள்ளி தொடங்கிவிட்டார்கள். அவற்றில் நம் பிள்ளைகளும் படித்தார்கள். நன்றியோடு சொல்கிறோம். கல்லூரி கட்டத் தெரிந்த சமுதாயத்துக்கு இந்தப் பிள்ளைகள் பக்கம் திரும்ப இத்தனை காலம் ஏன் ஆகிறது?

சம்பளத்தையும் பேசிவிடுவோம். நம் ஊர்கள் பலவற்றில் நர்சரி பள்ளி டீச்சருக்குக் கொடுப்பது கடையில் நிற்கும் பையனுக்குக் கொடுப்பதை விடக் குறைவு. "பொண்ணுதானே, புருஷன் சம்பாதிக்கிறாரே, வெளிநாட்டிலிருந்து வருதே" என்று ஒரு நியாயம் வேறு! கோடை விடுமுறைக்குச் சம்பளம் கிடையாது என்கிற பள்ளிகளும் இருக்கின்றன. வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுத்துவிடச் சொன்ன நபியின் உம்மத் நாம். மே மாதம் முழுக்க வியர்வை உலர்ந்து உப்பாகிவிடுகிறது.

மக்தபு மதரஸாவையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். பள்ளியில் 'மக்கு' பட்டம் வாங்கிய அதே பிள்ளைதான் மாலையில் ஓத வருகிறான். அலிஃப் பா அவனுக்கு நிற்பதில்லை. ஹஜ்ரத்துக்கு இது குறைபாடு என்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பிரம்பு பேசுகிறது. அந்த ஹஜ்ரத்தின் சம்பளமும் நமக்குத் தெரியும், அவருடைய களைப்பும் நமக்குத் தெரியும்.

இளைஞர்களுக்கு

சகோதரா! நீ பொறியியல் படித்துவிட்டு வளைகுடா விசாவுக்குக் காத்திருக்கிறாய். உன் தங்கை பி.எஸ்ஸி. முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறாள். சிறப்புக் கல்வி என்றொரு படிப்பு இருப்பதே நம் வீடுகளில் தெரியாது. பிளஸ் டூவுக்குப் பிறகு 2 ஆண்டு டிப்ளமோ. பட்டப் படிப்புக்குப் பிறகு 2 ஆண்டு சிறப்பு பி.எட். இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் அங்கீகாரம் உள்ள இடமாகப் பார்த்துச் சேர்ந்து, முடித்ததும் அங்கே பதிவு செய்ய வேண்டும். சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனமே 2005 முதல் இருக்கிறது. மேலே சொன்ன தீர்ப்பு நடைமுறைக்கு வரும் நாளில் நாடு முழுக்க இந்த ஆசிரியர்கள் தேவைப்படுவார்கள். அந்த வரிசையில் நம் பிள்ளைகள் எத்தனை பேர் நிற்பார்கள் என்பது இப்போது சேர்வதைப் பொறுத்தது.

படிக்க முடியாதவர்களுக்கும் வேலை இருக்கிறது. டீச்சரைக் கருக வைப்பதில் பாதி, டீச்சர் வேலையே அல்ல. அடையாள அட்டைக்கு ஆன்லைனில் பதிவது, பிள்ளையையும் உம்மாவையும் அரசு மருத்துவமனையில் டாக்டர் முன் கொண்டு நிறுத்துவது, காது மிஷினுக்கு பேட்டரி வாங்கிக் கொடுப்பது, கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் மனுவோடு நிற்பது... இதையெல்லாம் கிளை நிர்வாகிகள் எடுத்துக்கொள்ளலாம். ரத்த தானத்துக்கு நள்ளிரவில் ஓடுகிற தம்பிகளுக்கு இது பெரிய விஷயமே அல்ல. ஒரு கிளையில் இரண்டு பேர், வாரத்தில் ஒரு அரை நாள். டீச்சருக்கு அந்த அரை நாள் மிச்சம்.

வகுப்பறைக்குள் உட்கார்ந்து உதவ ஒரு பெண் கிடைத்தால் இன்னும் நல்லது. தெருவில் பிள்ளை வளர்த்து முடித்த உம்மாமார்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்! ஓடுகிற பிள்ளையைப் பிடித்து உட்கார வைக்கப் பட்டம் தேவையில்லை. ஆனால் இவர்களைக் காட்டி, சிறப்பு ஆசிரியர் வேண்டாம் என்று நிர்வாகம் தப்பித்துக்கொள்ள விடக்கூடாது. அதிலும் கூலி கொடுத்துத்தான் வைக்க வேண்டும்.

நிர்வாகக் கமிட்டியில் இருக்கிற வியாபாரப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்தின் பொருள் பட்டியலில் மூன்று கேள்விகளைச் சேர்த்துவிடுங்கள். நம் பள்ளியில் 21 வகைக் குறைபாடுகளில் ஏதேனும் உள்ள பிள்ளைகள் எத்தனை பேர்? கடந்த மூன்று ஆண்டில் வேலையை விட்டுப் போன ஆசிரியர்கள் எத்தனை பேர், ஏன்? அவர்களில் ஒருவரையாவது போன் செய்து கேட்டோமா? மூன்றாவது கேள்விக்கு இன்றே கூடப் பதில் தேடலாம். நம்பர் ஆபீஸ் ரிஜிஸ்டரில் இருக்கும்.

தமிழக அரசிடம் நாம் கேட்பது புதிதாக எதுவும் இல்லை. உச்ச நீதிமன்றம் சொன்ன 10க்கு ஒருவர், 15க்கு ஒருவர் என்ற அளவில் நிரந்தரப் பணியிடங்கள். உதவி பெறும் சிறுபான்மைப் பள்ளிகளுக்கும் அதில் உரிய பங்கு. தொகுப்பூதியத்தில் இத்தனை காலம் உழைத்த சிறப்புப் பயிற்றுநர்களுக்கு முன்னுரிமை. மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கும் ஒவ்வொரு கிளையும் தனித்தனியாக மனு அனுப்பட்டும். தன் பகுதியில் எந்தப் பள்ளியில் எத்தனை பிள்ளைகள், எத்தனை ஆசிரியர்கள் என்ற விவரத்தோடு அனுப்பட்டும். விவரம் இல்லாத மனு குப்பைக்குப் போகும். விவரத்தைத் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தில் கேட்டு வாங்கலாம். பதில் தர முப்பது நாள் கெடு.